செம்பனைப் பாளையில் ஒரு சிறு வண்டு

வண்டு என்னும் சொல் நம் மொழியில் மிகப் பரந்த பொருளுடையது. மலரை நாடித் தேனுண்பதாகப் புலவர்கள் பாடிய வண்டு பெரும்பாலும் தேனீயின் இனத்தைச் சார்ந்தது. அரிசிப் பானையில் ஊரும் வண்டு வேறு. தென்னங் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு வேறு. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இச்சொல் அடிக்கடி இடர் விளைப்பதுண்டு. ஆதலின் தொடக்கத்திலேயே வரையறுத்துக் கொள்வோம். முன்சிறகுகள் ஓடுபோல் இறுகி, பின்சிறகுகளை மூடிக் காக்கும் பூச்சியினத்தையே இக்கட்டுரையில் வண்டு என்கிறோம்.

இவ்வரையறைக்குள் அடங்கும் இனங்களில் இதுவரை பெயரிடப்பட்டவை மட்டும் ஏறத்தாழ 4 இலட்சம். பெயரிடப்பட்டவை என்பதால் அனைத்தும் அறியப்பட்டவை என்று கொள்ளலாகாது. அருங்காட்சியகத்தின் ஒரு பெட்டியில், ஊசியில் குத்திய ஓர் உடல். அதன் அடியில் ஊரின் பெயரும் ஆண்டும் எழுதிய ஒரு சீட்டு. பல இனங்களைப் பற்றி மனித குலம் சேர்த்து வைத்துள்ள செல்வம் அவ்வளவே. அது எந்தச் செடியை உண்டது, எங்கே முட்டையிட்டது, அந்தச் செடிக்கு அதனால் நன்மையா தீமையா என்பன சீட்டில் இரா. இலத்தீனில் சூட்டிய பெயரோ பல வேளைகளில் பிறந்த நாட்டைச் சுட்டுவதோடு நின்றுவிடும்.

அத்தகைய பெயருடைய வண்டு ஒன்று ஆப்பிரிக்காவின் கமரூன் நாட்டில் உண்டு. பூச்சியியலார் அதனை எலெய்டோபியஸ் கமரூனிகஸ் என்பர். பின்சொல்லின் பொருள் கமரூன் நாட்டது என்பதேயாகும். மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள கரிய நிறக் கூன்வண்டு அது. நெடுங்காலம் அதனை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அது நம் நாட்டின் அந்தமான் தீவுகளுக்கு வந்து சேர்ந்த வரலாறு, வெளி மாநிலங்களிலும் தீவுகளிலும் வாழும் தமிழ் மக்கள் அறிந்துகொள்ளத்தக்கது. நம்மவருடைய கைகளும் அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன.

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் லிட்டில் அந்தமான் தீவு இருக்கிறது. ஓங்கே என்னும் பழங்குடி மக்களின் தாயகம் அது. ஹட் பே துறையில் இறங்கினால், கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய வங்காளிகளையும், நிகோபார் மக்களையும், தமிழரையும், தெலுங்கரையும் காணலாம். 1970-களின் நடுப்பகுதியில், சமையல் எண்ணெய்க்கு வெளிநாடுகளை நம்பியிருக்கும் நிலையை மாற்ற வேண்டும் என்ற கருத்துடன், இத்தீவின் காட்டில் ஒரு பகுதியை அழித்துச் செம்பனைத் தோட்டம் எழுப்பலாயினர். மலேசியத் தமிழர் செம்பனை என்றும், நம் ஊரார் பாமாயில் மரம் என்றும் கூறும் எண்ணெய்ப்பனைதான் அது. பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 1600 ஹெக்டேர் பரப்பில் மரங்கள் வளர்ந்தன. அரசாங்கத்தின் வனத் தோட்ட வளர்ச்சிக் கழகம் அதனை நடத்தியது. எண்ணெய் எடுக்கும் ஆலையும் அங்கேயே அமைந்தது.

மரம் வந்தது, காய்ப்புக்கு வேண்டிய துணை ஒன்று உடன் வரவில்லை. அது யாதெனக் காண்போம்.

செம்பனை ஒரே மரத்தில் ஆண்பாளையும் பெண்பாளையும் விடுவது. ஆயினும் இரண்டும் ஒருங்கே மலர்வதில்லை. ஒரு மரம் சில மாதங்கள் ஆண்பாளைகளையே தள்ளும். பின்னர்ச் சில மாதங்கள் பெண்பாளைகளையே தள்ளும். ஆகவே ஒரு மரத்தின் மகரந்தம் வேறொரு மரத்தின் பெண்பாளையைச் சென்றடைய வேண்டும். பெண்மலர் மகரந்தம் ஏற்கும் நிலையில் இருப்பதோ இரண்டு மூன்று நாட்கள் மட்டுமே. அந்நாட்களில் மகரந்தம் வந்து சேராவிடின் குலையில் பருப்பற்ற பொய்க்காய்கள் மிகும். சில வேளை குலை முழுதும் அழுகிப்போகும். இம்மரத்துக்குக் காற்றே தூதன் என்று நூல்கள் பலவும் நெடுநாள் எழுதிவந்தன.

ஆசியாவில் இம்மரத்தின் கதை 1848-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜாவாத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் 4 கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்களே பிற்காலத்தில் சுமத்திராவிலும் மலாயாவிலும் பரவின. மலாயாவில் வாணிகத்துக்கென முதன்முதல் 1917-இல் செம்பனை பயிரிட்ட தோட்டம் சிலாங்கூரில் உள்ளது. அதன் பெயர் தென்னமரம் எஸ்டேட். செம்பனையின் மலாயா வரலாறு தமிழ்ப் பெயருள்ள தோட்டத்தில் தொடங்கியது என்பதை நம் நேயர்கள் மகிழ்ச்சியுடன் குறித்துக்கொள்ளலாம். ஆனால் விதையாகவும் கன்றாகவும் கடல் கடந்த மரம், ஆப்பிரிக்காவில் தன் பாளையை மொய்த்த வண்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. விட்டு வந்ததை எவரும் அறியார்.

விளைவு என்னவெனில், மலேசியத் தோட்டங்களில் மகரந்தச் சேர்க்கை மனிதர் கைவேலை ஆயிற்று. ஆண்பாளையிலிருந்து மகரந்தத்தை உதிர்த்து, உலர்த்தி, மாவுக்கல் தூளோடு கலந்து, மலர்ந்த பெண்பாளை எங்குள்ளது என்று மரம் மரமாகப் பார்த்து, முள் நிறைந்த மட்டைகளுக்கு இடையே கைவிட்டு ஊதவேண்டும். மூன்றாம் நாள் சென்றால் பயனில்லை. ஆதலின் ஒரே நிரையை வாரத்தில் பலமுறை சுற்றிவர வேண்டும். தோட்டத் தொழிலாளரில் தமிழர் பெருந்தொகையினராக இருந்த காலம் அது. ஒரு சிறு பூச்சி ஓசையின்றிச் செய்து முடிக்கும் பணியை, அப்பூச்சியின் பெயரும் அறியாமல், நம் மக்களின் கைகள் ஆண்டுக்கணக்கில் செய்துவந்தன. காண்டாமிருக வண்டின் கேட்டைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் நூறில் ஒரு பங்கேனும் இக்கைவேலையைப் பற்றி எழுதப்பட்டிருப்பின் நன்று.

கமரூனிலும் மலேசியாவிலும் தோட்டங்களைக் கண்காணித்த லெஸ்லி டேவிட்சன் என்னும் தோட்ட அதிகாரிக்கு ஓர் ஐயம் பிறந்தது. கமரூனில் எவரும் மகரந்தம் ஊதுவதில்லை; ஆயினும் குலைகள் நிறைந்து காய்க்கின்றன. மலேசியாவில் ஊதியும் குறைவு ஏன்? கமரூனில் ஆண்பாளைகளைச் சூழ்ந்து எப்போதும் மொய்க்கும் சிறு வண்டுகளை அவர் கவனித்திருந்தார். இக்கேள்வி சையத் என்னும் பாகிஸ்தானியப் பூச்சியியலாரிடம் ஒப்படைக்கப்பட்டது. காமன்வெல்த் உயிரியல் தடுப்பு நிறுவனத்தைச் சேர்ந்த அவர், 1977 முதல் கமரூனில் ஆராய்ந்து, காற்றைப் பற்றிய பழைய கொள்கை பொருந்தாது என்றும், பணி பெரும்பாலும் பூச்சிகளுடையதே என்றும் காட்டினார். பாளைக்கு வரும் பல பூச்சிகளுள் நம் கூன்வண்டே தலைசிறந்த தூதன் என்பதும் தெளிவாயிற்று.

அவ்வண்டின் வாழ்க்கை முறை வியப்புக்குரியது. ஆண்பாளை மலரும்போது சோம்பு போன்ற ஒரு மணம் எழும். அம்மணத்தால் ஈர்க்கப்பட்டு வண்டுகள் ஆயிரக்கணக்கில் வந்து மொய்க்கின்றன. மலரின் மெல்லிய இழைகளை உண்கின்றன. அங்கேயே கூடி முட்டையிடுகின்றன. பாளையின் பணி முடிந்து அது பழுப்பாகி வாடும்போது, வாடிய மலர்களையே தின்று புழுக்கள் வளர்கின்றன. இரண்டு மூன்று வாரங்களில் புழு கூட்டுப்புழுவாகி, வண்டாகி வெளிவருகிறது. மரத்துக்கு இனிப் பயன்படாத பொருளே வண்டின் தொட்டிலும் உணவும் ஆவதால், இம்மண வாழ்வில் மரத்துக்கு இழப்பென்று கூற ஒன்றுமில்லை.

பெண்பாளையின் செய்தி வேறு. அங்கே வண்டுக்கு உணவும் இல்லை, முட்டையிட இடமும் இல்லை. ஆயினும் மகரந்தம் ஏற்கும் அந்தச் சில நாட்களில் பெண்பாளையும் அதே சோம்பு மணத்தை வீசுகிறது. ஆண்பாளை என்று எண்ணி வரும் வண்டு, உடல் மயிர்களில் ஒட்டிய மகரந்தத்தைப் பெண்மலரில் உதிர்த்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்புகிறது. இதனை வஞ்சகம் என்பதா, உழைப்புக்கு வேறிடத்தில் கூலி என்பதா என்று நேயர்கள் தாமே முடிவு செய்யட்டும்.

மலேசியாவுக்கு அழைத்துச் செல்லும் முன், இவ்வண்டு தென்னை முதலிய வேறு பயிர்களைத் தாக்குமோ என்று சோதித்தனர். செம்பனையை விட்டு வேறெங்கும் அது இனம் பெருக்கவில்லை. 1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் பகுதியில் அது திறந்துவிடப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் தீபகற்பம் முழுவதும் பரவிற்று. மகரந்தம் ஊதும் வேலை மறைந்தது. குலைகள் கனத்தன, பருப்பு எதிர்பாராத அளவில் மிகுந்தது. வேலை இழந்தோர் சிலர் குலை வெட்டவும் சுமக்கவும் மாறியிருப்பர்; மாறாதோரும் இருந்திருப்பர். ஆராய்ச்சி அறிக்கைகள் இத்தகைய கணக்கைத் தனியே எழுதுவதில்லை.

நம் நாட்டில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஏரூர், சிதறா, குளத்துப்புழா ஆகிய இடங்களில் செம்பனைத் தோட்டங்கள் இருந்தன. அங்கும் மகரந்தச் சேர்க்கை கைவேலையாகவே நடந்தது. 1985-இல் இவ்வண்டு கேரளத் தோட்டங்களில் விடப்பட்டது. அதனை அடுத்து லிட்டில் அந்தமானுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. கடல் சூழ்ந்த தீவில், தனக்குரிய மரம் ஒரே தோட்டத்தில் மட்டும் உள்ள நிலையில், ஆப்பிரிக்க வண்டு குடியேறியது. பிழைப்புக்கெனக் கடல் கடந்து, ஒரே தோட்டத்தை நம்பி வாழும் வாழ்வு அந்தத் தீவுக்கூட்டத்தில் வண்டுக்கு மட்டும் உரியதன்று. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்த் தொழிலாளர் சிலர், நிகோபாரைச் சேர்ந்த கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் அவ்வாறே குடியமர்த்தப்பட்டனர்.

அயல்நாட்டு வண்டை வேண்டுமென்றே உள்ளே விடுவது தகுமா என்ற கேள்வி எழும். எழவேண்டியதும்தான். வட அமெரிக்கக் கண்டத்திலிருந்து இதற்கு இரண்டு சான்றுகள் கூறலாம். ராக்கி மலைச் சாரலில் முள் நிறைந்த ஒரு கத்திரியினக் களையைத் தின்று வாழ்ந்த கோடிட்ட இலைவண்டுக்கு 1824-இல் தாமஸ் சே என்பவர் பெயரிட்டார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைப் பற்றிக் கவலைப்பட்டோர் அரியர். குடியேறிய மக்கள் மேற்கு நோக்கி உருளைக்கிழங்கைக் கொண்டுசென்றனர். களையும் கிழங்கும் ஒரே குடும்பத்தவை. 1859-இல் நெப்ராஸ்காவில் வண்டு வயலுக்குள் இறங்கிற்று. 1874-க்குள் அட்லாண்டிக் கரையை எட்டி, 1922-இல் பிரான்சிலும் நிலைகொண்டது. இன்று கொலராடோ வண்டு என்றால் உருளைக்கிழங்கு பயிரிடுவோர் பலர் நடுங்குவர். வண்டு மாறவில்லை, அதன் வாசலில் புதிய பயிரை வைத்தவர் மனிதரே.

மற்றொன்று மெக்சிகோவிலிருந்து நம் நாட்டுக்கு அழைக்கப்பட்டது. பார்த்தீனியம் என்னும் களையை அழிக்க, அதன் இலையைத் தின்னும் வண்டு ஒன்று 1984-இல் பெங்களூரில் விடப்பட்டது. சில ஆண்டுகளில் அது சூரியகாந்தி இலையைத் தின்கிறது என்ற செய்தி பரவ, உழவர் அஞ்சினர். பார்த்தீனியத்தின் மகரந்தம் படிந்த சூரியகாந்தி இலைகளையே அது கடிக்கிறது என ஆராய்ந்தோர் கண்டபின் அச்சம் தணிந்தது. இரு கதைகளிலும் நாம் காண்பது ஒன்றே. ஒரு வண்டு எச்செடியை உண்ணும், எதனை உண்ணாது என்பதை முன்னரே அறிந்திருப்பின் அச்சத்துக்கும் இழப்புக்கும் அளவு இருக்கும்.

இனி லிட்டில் அந்தமானுக்குத் திரும்புவோம். வண்டு வந்த அதே காலத்தில் தோட்டத்தின் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. மழைக்காட்டை அழித்துச் செம்பனை நடுவது தீவுகளுக்கு ஏற்றதன்று என்ற கருத்து 1986 வாக்கில் வலுப்பெற்றது. 2002-இல் உச்ச நீதிமன்றம், ஷேகர் சிங் குழுவின் பரிந்துரைகளை ஏற்று, தீவுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. இத்தகைய ஒற்றைப் பயிர்த் தோட்டங்களைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதும் அப்பரிந்துரைகளுள் ஒன்று. 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை ஹட் பேயைக் கடுமையாகத் தாக்கியது. பின்னர் 2021-இல் மத்திய அரசு 11,040 கோடி ரூபாய்த் திட்டமாகச் செம்பனை இயக்கத்தை அறிவித்தபோது, வடகிழக்கு மாநிலங்களோடு அந்தமான் நிகோபார் தீவுகளையும் சிறப்பாகக் குறிப்பிட்டது. ஆகவே இத்தீவுகளில் செம்பனை வேண்டுமா என்ற வினா பழங்கதையாகிவிடவில்லை.

இவ்வினாவுக்கு எண்ணெயின் விலையை மட்டும் வைத்து விடை காணலாகாது என்பது நம் கருத்து. ஒரு சிறு செய்தியைக் கூறுவோம். செம்பனை மரம் முதிர்ந்து வெட்டப்படும்போதோ, கைவிடப்பட்டு விழும்போதோ, மட்கும் அடிமரத்தில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதன் புழு அழுகிய மரத்தையே தின்று கொழுக்கும். வளர்ந்த வண்டு பறந்துசென்று தென்னங் குருத்தைக் குடையும். கூன்வண்டு செம்பனைக்கு மட்டும் நண்பன். காண்டாமிருக வண்டோ தென்னைக்குப் பகைவன். நிகோபார் மக்களின் வாழ்வில் தென்னை பெற்றுள்ள இடம் யாவரும் அறிந்ததே. ஒரு தோட்டத்தை எழுப்புவோர் அதன் பிணத்தை எங்ஙனம் அடக்கம் செய்வது என்றும் கணக்கிடல் வேண்டும். விழுந்த அடிமரங்களைத் துண்டுசெய்து, விரைவில் உலர அல்லது மட்கச் செய்வதே தோட்டக்காரர் கையாளும் முறை. அதற்கு ஆளும் பணமும் தேவை.

வெட்டப்பட்ட காட்டில் வாழ்ந்த வண்டுகளைப் பற்றி எவ்வளவு எழுதி வைத்திருக்கிறோம் என்பதும் கேட்கத்தக்கது. நிகோபாரின் கமோர்ட்டாவில் பணியாற்றிய டி ரோப்ஸ்டார்ஃப் என்னும் டேனிஷ் அதிகாரி, நான்கௌரி மொழிக்கு அகராதி தொகுத்ததோடு பூச்சிகளையும் சேகரித்து அனுப்பினார். 1883-இல் அங்கேயே கொலையுண்டார். அகராதியை அவர் மனைவியார் முடித்து வெளியிட்டார். இந்திய இலைவண்டுகளைப் பற்றிய முதற்பெருநூல் 1908-இல் வெளிவந்தது. அதனை எழுதிய மார்ட்டின் ஜேகோபி, இசைக்குழுக்களில் வயலின் வாசித்து வாழ்ந்தவர். நூல் வெளிவருமுன் மறைந்தார். அவருக்குப் பின் சமரேந்திர மௌலிக் என்னும் வங்காளப் பெருமகனார் அப்பணியைத் தொடர்ந்து மேலும் மூன்று தொகுதிகளை எழுதினார். நிறம், நீளம், புள்ளிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை இந்நூல்கள் நுணுக்கமாகக் கூறும். இலண்டனில் பெட்டிக்குள் உள்ள உடலைப் பார்த்து எழுதியவர்கள் அதற்கு மேல் என் செய்வர்! 1977-இல் இந்திய விலங்கியல் ஆய்வகம் போர்ட் பிளேரில் தன் நிலையத்தை அமைத்தபின் தீவுகளில் இருந்தே ஆராய வழி பிறந்தது. ஆயினும் ஒரு வண்டின் உணவுச் செடியை அறிய, அச்செடியின் அருகில் பருவம்தோறும் நிற்கும் கண்கள் வேண்டும்.

அக்கண்கள் ஆராய்ச்சியாளருக்கு மட்டுமே உரியவை அல்ல. தீவுகளில் வாழும் நம் நேயர் ஒருவர், அந்தமான் காட்டு ஈச்சையின் பாளையையோ நிகோபார்ப் பனையின் பாளையையோ மலரும் நாளில் அருகே சென்று உற்று நோக்கலாம். வரும் பூச்சி உண்கிறதா, முட்டையிடுகிறதா, ஆண்மலருக்கு மட்டும் வருகிறதா, எந்த மணம் எழுகிறது என்பனவற்றை நாளும் இடமும் குறித்து எழுதி வைக்கலாம். வண்டைப் பிடிக்கவோ மரத்தை வெட்டவோ தேவையில்லை. பழங்குடியினர் காப்புப் பகுதிகளுக்குள் செல்லுதல் சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது. வீட்டுக் கொல்லையும் சாலையோரமும் போதும். கமரூனில் தொடங்கியதும் இத்தகைய உற்றுநோக்கலே.

லிட்டில் அந்தமானில் செம்பனையின் ஆண்பாளை எங்கேனும் மலர்ந்திருக்கக் கண்டால், மெல்லத் தட்டிப் பாருங்கள். வண்டு இன்னும் அங்கிருப்பின், எள் உதிர்வதுபோல் கையில் வந்து விழும். பாளை உள்ளவரை அதற்கு வாழ்வுண்டு. பக்கத்திலேயே தென்னை பூத்து நின்றாலும் அப்பாளையில் அது குடியேறாது.